ஆணி அடிக்க இடமில்லாத வீடும் 600 வருஷத்து மண்டபத்துக் கூரை ஓவியமும்

சின்ன வீட்டுச் சுவரைப் பத்தி ஒரு பதிவு எழுதப்போறேன்னு சொன்னதும் நண்பர் ஒருத்தர் "எந்தச் சின்ன வீடு?"ன்னு கண்ணடிச்சார். மக்களே, இது பாக்யராஜ் சமாச்சாரம் இல்லை. நிஜமாவே சின்னதா இருக்குற வீடு. ஹால்ல நாலு பேர் படுத்தா அஞ்சாவது ஆள் சமையல்கட்டுப் பக்கம் காலை நீட்டணும், அந்த மாதிரி வீடு. நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படிப்பட்ட வீட்டுல பொறந்து, அப்படிப்பட்ட வீட்டுல குடித்தனம் பண்றவங்கதான்.

அந்த வீட்டுச் சுவத்துல என்ன மாட்டுறது, எங்க மாட்டுறதுன்னு இப்ப ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க. மூணு படத்தை வரிசையா மாட்டு, ஒரே ஒரு பெரிய படம் போதும், சுவர் வெறுமையா இருந்தாத்தான் அழகு... எனக்கு அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. சுவத்துல படம் மாட்டணும்ங்கற பழக்கமே நம்ம வீட்டுக்கு எப்ப வந்துச்சு? என் தாத்தாவோட தாத்தா வீட்டுல சட்டம் போட்ட படம் ஒண்ணாவது இருந்திருக்குமா?

சாதாரண வீடுன்னா அநேகமா இருந்திருக்காது. மாடக்குழியில ஒரு அகல் விளக்கு. நடையில காவிப் பட்டை, வாசல்ல கோலம். நவராத்திரி, புரட்டாசி சனிக்கிழமைன்னா சுவத்துல மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாங்க, இல்லைன்னா நாமம் வரைவாங்க. குத்துவிளக்குதான் வீட்டுச் சாமி. படம்னு ஒண்ணைப் பாக்கணும்னா கோயிலுக்குப் போகணும், இல்லை அரண்மனைக்குப் போகணும். அரண்மனைக்குள்ள நம்மள யாரு விடப்போறா? ஆக, கோயில்தான்.

திருப்பருத்திக்குன்றம்

காஞ்சிபுரம்னா எல்லாருக்கும் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் தெரியும். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி. மூணாவதா ஒண்ணு இருக்கு, ஜினகாஞ்சி. பிள்ளையார்பாளையம் தாண்டி, வேகவதி ஆத்தைக் கடந்து (ஆறுன்னு மரியாதைக்குத்தான் சொல்றோம்) போனா திருப்பருத்திக்குன்றம். பேருலயே பருத்தி இருக்கு பாருங்க. பட்டுக்குப் பேர்போன ஊருக்குப் பக்கத்துல பருத்தியோட ஒரு குன்றம்!

இங்க ரெண்டு சமணக் கோயில் இருக்கு. சின்னது சந்திரபிரபருக்கு, பல்லவர் காலத்துது. பெரியது திரைலோக்யநாதர் கோயில், மூலவர் வர்த்தமானர். நம்ம ஊர்க்காரங்க சுருக்கமா "ஜைனர் கோயில்"னு சொல்லிருவாங்க. இந்தப் பெரிய கோயிலுக்கு முன்னாடி ஒரு சங்கீத மண்டபம் இருக்கு. அதைக் கட்டினவர் இருகப்பர். விஜயநகரத்து ரெண்டாம் ஹரிஹரன் காலத்து மந்திரி, தளபதி, சமணர். தன்னோட குரு புஷ்பசேனர் சொல்லி 1387-88ல இதைக் கட்டினதா கல்வெட்டு சொல்லுது. இதே ஆளுதான் ஹம்பியில இருக்குற ஒரு சமணக் கோயிலையும் 1385ல கட்டினவர். வாள் பிடிச்ச கையால சமஸ்கிருத நிகண்டு ஒண்ணும் எழுதியிருக்கார். மனுஷன் தூங்கவே மாட்டார் போல.

அந்த மண்டபத்துக்குள்ள நின்னு அண்ணாந்து பாத்தா, கூரை முழுக்க ஓவியம். மேல்பூச்சு பல காலத்துல நடந்திருக்கு. இப்ப நாம பாக்குறதுல பெரும்பகுதி 17, 18ஆம் நூற்றாண்டு வாக்குல போட்டதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ரிஷபதேவர் கதை, வர்த்தமானர் கதை, நேமிநாதர் கதை. சமண மரபுப்படி நேமிநாதர் கிருஷ்ணருக்குச் சொந்தக்காரர். அதனால கிருஷ்ணலீலையும் அங்க உண்டு. சமணக் கோயில் கூரையில கண்ணன் என்ன பண்றான்னு வந்தவங்க முழிக்கிறதைப் பாத்திருக்கேன்.

இதுல நம்ம விஷயத்துக்கு வேண்டியது ரெண்டு. ஒண்ணு, கதைகளைப் பட்டை பட்டையாப் பிரிச்சிருக்காங்க. ஒவ்வொரு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே அகலம். காட்சி ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா ஓடும். நாம சின்ன வயசுல படிச்ச படக்கதை மாதிரியேதான். ஏகப்பட்ட உருவங்கள் இருந்தும் கண்ணு குழம்பாததுக்குக் காரணம் இந்தப் பட்டைதான்.

ரெண்டாவது, ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழ்ல குறிப்பு எழுதி வச்சிருக்காங்க. இவர் இன்னார், இங்க இது நடக்குதுன்னு. இந்தக் குறிப்பு விஷயத்துக்குப் பின்னாடி வர்றேன். பதிவோட சாரமே அதுலதான் இருக்கு.

கைலாசநாதர் கோயில் அறைகள்

அதே பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்துலதான் கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன், 8ஆம் நூற்றாண்டோட தொடக்கம். சுத்துமதிலை ஒட்டி 58 சின்னச் சின்னச் சன்னதிகள் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு ஆள் சம்மணம் போட்டு உக்காரலாம், அவ்வளவுதான். ஒண்டுக்குடித்தனம் கூட இதைவிட விசாலமா இருக்கும்.

அந்தக் குட்டி அறைகளுக்குள்ள ஒரு காலத்துல வண்ண ஓவியம் இருந்திருக்கு. மணற்கல் மேல சன்னமா சுண்ணாம்புப் பூச்சு, அது மேல ஓவியம். பின்னாடி வந்தவங்க "சுத்தம்" பண்றேன்னு அதுக்கு மேல வெள்ளை அடிச்சு வச்சாங்க. புதுச்சேரியில இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் 1931ல வந்து பாத்துச் சொன்ன பிறகுதான் இங்க பல்லவர் ஓவியம் இருக்குன்னு வெளியுலகத்துக்குத் தெரிஞ்சுது. ஒரு அறையில சோமாஸ்கந்தர் ஓவியத்தோட கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கு. அம்மாவோட முகம், அப்பாவோட கை, இடையில குழந்தை. கொஞ்சம்தான். ஆனா அந்தக் கோடு இருக்கே கோடு...

ஆயிரத்து இருநூறு வருஷம் வெயில், மழை, படையெடுப்பு எல்லாம் தாங்கின ஓவியம். அதைக் காலி பண்ணினதுல நல்ல எண்ணத்தோட அடிச்ச வெள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. பொங்கலுக்கு முன்னாடி வெள்ளை அடிக்கும்போது இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

தறி வீடு

இப்ப கோயிலை விட்டு வீட்டுக்கு வருவோம். காஞ்சிபுரத்துல நெசவாளர் வீடு எப்படி இருக்கும்னு பாக்காதவங்களுக்கு: முன்னாடி திண்ணை, அப்புறம் நீளமா ஒரு கூடம், பின்னாடி சமையல்கட்டு, கிணத்தடி. அகலம் குறைச்சல், நீளம் ஜாஸ்தி. அந்தக் கூடத்துல குழித்தறி. நெய்றவர் குழியில காலை விட்டு உக்காந்து மிதிப்பார். தலைக்கு மேல ஜக்கார்டு பெட்டி, அதுலேர்ந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரித் தொங்கும். ஜக்கார்டு வர்றதுக்கு முன்னாடி அடை கட்டி நெய்வாங்க. கையாலயே இழை பிரிச்சுக் கட்டுறது, பெரிய வேலை. கோர்வை நெய்யணும்னா பக்கத்துல இன்னொரு ஆளும் உக்காரணும், அநேகமா வீட்டுப் பிள்ளை ஒண்ணு.

ஆக, கூடத்துல தறிக்குப் போக மிச்சம் இருக்குறதுதான் வீடு. சோறு, தூக்கம், பொண்ணு பாக்குறது எல்லாம் தறியைச் சுத்தித்தான். சுவத்துல கீழ்ப்பகுதி தறிமரம், பாவு, நூல் சுத்துற ராட்டைக்குச் சொந்தம். படம் மாட்ட மிஞ்சுறது எது? மேலே, ஓட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பட்டை. அதுதான்! எங்க அத்தை வீட்டுல நான் பாத்த ஏற்பாடு அப்படித்தான். விட்டத்துக்குக் கீழ சுவர் ஓரமா நீளமா ஒரு மரச்சட்டம். அதுல வரிசையா சாமி படங்கள், ஒண்ணை ஒண்ணு ஒட்டி. சங்கீத மண்டபத்துக் கூரையில பாத்த அதே பட்டை வரிசை, வேகவதிக்கு இந்தக் கரையில. யாரும் யாரைப் பாத்தும் செஞ்சது கிடையாது. இடம் இல்லாதவனுக்குத் தோணுற வழி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தோணியிருக்கு, அவ்ளோதான்.

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? பழைய வீடுகள்ல படத்தைச் சுவரோட ஒட்டி மாட்ட மாட்டாங்க. கீழ்ப்பக்கம் சட்டத்துல உக்காந்திருக்கும், மேல்பக்கம் கயித்துல இழுத்துக் கட்டி முன்னால சாய்ஞ்சிருக்கும். சின்ன வயசுல "சாமி நம்ம மேல விழுந்துருமோ"ன்னு பயந்திருக்கேன். காரணம் யோசிச்சா ரொம்ப எளிது. நாம தரையில உக்கார்ற ஆளுங்க. தறிக்குழியில உக்காந்தவருக்குக் கண்ணு இன்னும் கீழ. உசரத்துல இருக்குற படம் நேரா இருந்தா கண்ணாடி பளபளப்புதான் தெரியும், சாமி தெரியாது. சாய்ச்சாத் தெரியும். போனஸா, மழைக்காலத்துல சுவத்து ஓதம் படத்து முதுகுல ஏறாது. இன்னிக்கு சோபா போட்ட வீட்டுல நிக்கிற ஆளோட கண் மட்டத்துல படத்தை மாட்டிட்டு, உக்காந்து கழுத்தை வளைச்சுப் பாக்குறோம். வீட்டுல நிக்கிற நேரம் ஜாஸ்தியா, உக்கார்ற நேரம் ஜாஸ்தியா?

படம் வீட்டுக்குள்ள வந்த கதை

சரி, அந்தச் சட்டத்துல உக்காந்த படங்கள் எங்கேர்ந்து வந்துச்சு?

வசதியானவங்க வீட்டுல முன்னாடியே தஞ்சாவூர் ஓவியம் இருந்துச்சு. பலாப்பலகை மேல துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூளும் பசையும் சேர்த்து மேடு பண்ணி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதிச்சு... மராத்தியர் ஆட்சியில தஞ்சாவூர்ல செழிச்ச கலை. நெசவாளி வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அந்தப் பலகையோட கனத்துக்கு மண்சுவத்து ஆணியும் தாங்காது!

மாத்தத்தைக் கொண்டுவந்தது அச்சு. 1878 வாக்குல புனாவுல சித்ரசாலா அச்சகமும் கல்கத்தாவுல கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் சாமி படங்களைக் கல்லச்சுல போட ஆரம்பிச்சாங்க. ஜெர்மனியில அச்சான படங்களும் கப்பல்ல வந்துச்சு. அப்புறம்தான் நம்ம ரவிவர்மா. 1848ல கிளிமானூர்ல பொறந்தவர். ராஜாக்களுக்கும் வெள்ளைக்கார துரைகளுக்கும் எண்ணெய் வண்ணத்துல வரைஞ்சுக்கிட்டு இருந்தார். "உங்க ஓவியத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி இருக்கு, ஒரு ஆளு எத்தனைதான் வரைய முடியும், ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடிங்க"ங்கற மாதிரி அவருக்கு யோசனை சொன்னவர் சர் டி.மாதவராவ். கும்பகோணத்துக்காரர். திருவிதாங்கூர்லயும் பரோடாவுலயும் திவானா இருந்தவர். ரவிவர்மா ஐரோப்பாவுக்கு அனுப்பலை. 1894ல பம்பாயில தானே ஒரு அச்சகம் ஆரம்பிச்சார். முதல்ல அச்சானது சகுந்தலை பிறப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். படத்துல பத்து, பதினஞ்சு நிறம்னா அத்தனை தடவை காகிதம் கல் மேல படுத்து எழுந்திருக்கணும்.

வியாபாரமாப் பாத்தா அவருக்கு நட்டம்தான். அச்சகம் லோனாவ்லா பக்கம் மாறி, கடன்ல மூழ்கி, கடைசியில அங்க வேலை பாத்த ஜெர்மன்காரர் கைக்கே போச்சு. 1906ல ரவிவர்மா காலமானார். அச்சகம் அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் ஓடி, 1972ல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. ஆனா தாமரையில நிக்கிற லட்சுமியும் வீணையோட சரஸ்வதியும் அதுக்குள்ள தேசம் முழுக்க வீடு வீடா நுழைஞ்சுட்டாங்க. லட்சுமின்னு கண்ணை மூடி நினைச்சா வர்ற உருவம் அவர் போட்டதோட சாயல்தான்.

நம்ம ஊர்ப் பெண்கள் அந்த அச்சுப்படத்தையும் அப்படியே விடலை. துண்டு சரிகை, சம்கி, பட்டுத்துணி எல்லாம் ஒட்டிச் சாமிக்குப் புடவை கட்டி, அப்புறம் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிப்பாங்க. சரிகைத் துணுக்குக்குக் காஞ்சிபுரத்துல என்ன பஞ்சம்? அச்சகத்துல ஆயிரக்கணக்குல போட்ட படம், வீட்டுக்கு வந்ததும் அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய படமா ஆயிடும். அத்தை வீட்டு லட்சுமி கட்டியிருக்கிற அரக்குக் கரை, யாரோட கல்யாணப் புடவையில மிஞ்சினதுன்னு அத்தைக்குத் தெரியும்.

இதோட தலைகீழும் நடந்துச்சு. 2008ல சென்னை சில்க்ஸ் ரவிவர்மாவோட 11 ஓவியங்களைப் பட்டுல நெஞ்சு கிட்டத்தட்ட 40 லட்ச ரூபாய்ல ஒரு புடவை கொண்டுவந்தாங்க, ஞாபகம் இருக்கா? சுவத்துல இருந்தவங்க முந்தானைக்கு இறங்கினாங்க!

இலவசமா வந்த சாமி

ரவிவர்மா படத்தைக் காசு குடுத்து வாங்கணும். இலவசமாவே சாமி வர ஆரம்பிச்சது காலண்டர்ல.

சிவகாசியில 1923ல தீப்பெட்டித் தொழில் ஆரம்பிச்சுது. தீப்பெட்டின்னா லேபிள் வேணும், லேபிள்னா அச்சு வேணும். அப்படி வளர்ந்த அச்சுத் தொழில் காலண்டருக்கு வந்துச்சு. காலண்டருக்குப் படம்? அதுக்குக் கோவில்பட்டியில ஒருத்தர் இருந்தார். சி.கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர், கொஞ்ச காலம் சாமியாராத் திரிஞ்சு திருவண்ணாமலை ரமணாசிரமத்துல இருந்தவர். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போனார். 1942ல கம்பெனி கோவில்பட்டியில கலைஞ்சப்ப அங்கேயே தங்கிட்டார். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன்னு சீடர்கள் சேர்ந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கலை.

நாடகத் திரைச்சீலை வரைஞ்ச கைங்கறதை மறந்துடாதீங்க. கடைசி பெஞ்சுல உக்காந்திருக்குறவனுக்கும் தெரியணும்னு பழகின கை. அதனாலதான் காலண்டர் சாமி நேரா நம்மளப் பாக்கும், முகம் பெருசா இருக்கும், நிறம் அடிச்சுத் தூக்கும், பின்னாடி ஒரு கோபுரமோ ஏரியோ மலையோ மங்கலாத் தெரியும். இருட்டுக் கூடத்துல, பத்தடி தள்ளி, அரை இருளுல பாத்தாலும் முருகன் முருகனாத் தெரிவார். ரசனை தெரிஞ்சவங்க "காலண்டர் ஆர்ட்"னு உதட்டைப் பிதுக்குவாங்க. நாப்பது வாட்ஸ் பல்பு எரியுற தறிக்கூடத்துல அவங்களோட மெல்லிய நிற ஓவியத்தை மாட்டிப் பாக்கட்டும், அப்புறம் பேசலாம் :)

வருஷம் முடிஞ்சதும் தேதித்தாளைக் கிழிச்சுட்டுப் படத்தை மட்டும் சட்டம் போட்டுருவோம். மளிகைக்கடை, நகைக்கடை பேரு அடியில அப்படியே இருக்கும். சாமிக்குக் கீழே கடை விளம்பரம் இருக்கேன்னு யாரும் கவலைப்பட்டது கிடையாது. உபயம் போட்ட டியூப் லைட்டு மாதிரித்தான்.

தீபாவளி மலர்லேர்ந்து வெட்டி எடுத்த படங்களும் உண்டு. ஆனந்த விகடன்ல சில்பி போட்ட கோயில் சித்திரங்களைப் பசை தடவிச் சுவத்துல ஒட்டின வீடுகள் எத்தனை! கோயிலுக்குப் போக முடியாத பாட்டிகளுக்கு அதுதான் தரிசனம்.

சாமிக்குப் பக்கத்துல மனுஷங்களும் வந்தாங்க. காஞ்சிபுரத்துல அது யாருன்னு சொல்லணுமா? அண்ணா 1909ல பொறந்த ஊர். நெசவுக் குடும்பம். 1953ல கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தப்ப திருச்சித் தெருவுல துணியைத் தோள்ல போட்டு வித்தவர். நெசவாளர் வீட்டுல முருகன், லட்சுமி, அண்ணா ஒரே சட்டத்துல வரிசையா உக்காந்திருந்தது யாருக்கும் முரணாப் படலை. வீட்டுக்குள்ள யாரை ஏத்துக்கிறோம்ங்கறதுக்கு வாசல் ஒரு சாட்சின்னா, சுவரு இன்னொரு சாட்சி.

தறி போன சுவர்

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அத்தை வீட்டுல மாமா போன பிறகு தறி சும்மா கிடந்துச்சு. பசங்க யாரும் நெய்யலை. ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில, இன்னொருத்தன் சென்னையில. தறியைப் பிரிச்சு எடுத்து, குழியை மூடி, டைல்ஸ் போட்டாச்சு. அடுத்து பெயிண்ட். மேல சட்டத்துல இருந்த படங்களை எல்லாம் இறக்கித் திண்ணையில அடுக்கினாங்க. பதினேழு படம். புது வீட்டுக்கு இவ்வளவு எதுக்கு, ரெண்டு சாமி படம் போதும், டிவிக்கு மேல ஒரு நல்ல படம், மத்ததை அரசமரத்தடியில வச்சிரலாம்னு பேச்சு. (அரசமரத்தடியில கண்ணாடி உடைஞ்ச சாமிகள் உக்காந்திருக்குறதை எல்லா ஊர்லயும் பாக்கலாம். தூக்கிப் போட மனசு வராது, வச்சுக்க இடமும் இல்லை.)

எனக்கு அவங்க மேல கோபம் கிடையாது. நிஜமாவே இடம் இல்லை. எடுத்துப் பாத்துக்கிட்டே வந்தப்ப, கடைசியா ஒரு குரூப் போட்டோ வந்துச்சு. ஸ்டூடியோவுல எடுத்தது. பின்னாடி வரைஞ்ச திரை, முன்னாடி நாற்காலியில மூணு பேர், பின்னாடி நிக்கிறவங்க அஞ்சு பேர், தரையில மூணு பசங்க. மொத்தம் 11 பேர்.

"யாரு அத்தே இவங்கள்லாம்?"

"எங்க அப்பா கூட்டாளிங்கடா. ஒரே தெருவுல தறி போட்டவங்க. சொசைட்டி ஆரம்பிச்சப்ப எடுத்தது."

"எந்த வருஷம்?"

"நான் பாவாடை கட்டிக்கிட்டு இருந்தேன்."

இதுதான் நம்ம ஊர்ல வரலாறு சொல்ற லட்சணம் :( அத்தைக்கு இப்ப எண்பது தாண்டிடுச்சு. படத்தை மடியில வச்சுக்கிட்டு விரல் வச்சு வச்சுச் சொன்னாங்க. இது எங்கப்பா. இது மாடி வீட்டுக்காரர். இது பிற்பாடு பம்பாய் போயிட்டாரு. இந்தப் பையன் கோர்வை வாங்க வருவான், கெட்டிக்காரன், சீக்கிரம் செத்துட்டான். ஏழு பேருக்குப் பேர் வந்துச்சு. நாலு பேருக்கு வரலை. "முகம் நல்லாத் தெரியுது, பேர்தான் வாயில வரமாட்டேங்குது"ன்னு அன்னிக்குப் பூரா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி "டேய், நிக்கிறவங்கள்ல ரெண்டாவது ஆளு ஞாபகம் வந்துருச்சு, எழுதிக்கோ"ன்னாங்க. மிச்சம் மூணு.

லட்சுமி போனா வேற லட்சுமி வாங்கலாம். காலண்டர் முருகன் மறுபடி அச்சாவார். இந்த மூணு பேரை எங்க போய் வாங்குறது?

இப்ப அந்தச் சங்கீத மண்டபத்துக் குறிப்பை நினைச்சுப் பாருங்க. ஒரு காலத்துல சமணத்துக்குப் பேர்போன இடம் அது, இன்னிக்கு அங்க சமணக் குடும்பம்னு பாத்தா ரொம்பச் சொற்பம். மண்டபத்துக்குள்ள போற பெரும்பாலானவங்களுக்கு ரிஷபதேவர் கதை தெரியாது. கதை சொல்லித் தர ஆளில்லாமப் போனாலும், படத்துக்குக் கீழே யாரோ ஒரு ஓவியர் எழுதி வச்ச ரெண்டு வரி இருந்துச்சு. அருங்காட்சியகத்துக்காக டி.என்.ராமச்சந்திரன் அந்த ஓவியங்களை வரிசையா ஆராய்ஞ்சு, குறிப்புகளைப் படிச்சு, 1934ல புத்தகமாவே போட்டார். அப்புறம் நிறம் மங்கினாலும், மேல பூச்சு ஏறினாலும், எது எந்தக் காட்சின்னு இன்னிக்கும் சொல்ல முடியுதுன்னா அந்தச் சின்னக் குறிப்புகள் புண்ணியம். அந்த ஓவியர் பேர் நமக்குத் தெரியாது. ஆனா அவர் வரைஞ்சவங்க பேர் எல்லாம் தெரியும்.

சரி, என்னதான் மாட்டுறது?

அத்தை வீட்டுல கடைசியா முடிவானது இது. உங்களுக்கும் உதவலாம்.

1. டிவி இருக்குற சுவத்துல வேற எதையும் மாட்டலை. அது கூட போட்டி போட்டு ஜெயிச்ச படம் இதுவரைக்கும் கிடையாது.

2. பழைய மரச்சட்டத்தை எறியலை. இழைச்சு, வார்னிஷ் அடிச்சு, எதிர்ச் சுவத்துல முன்னாடியை விடக் கொஞ்சம் இறக்கி மாட்டியாச்சு. ஏழு படம் அதுல வரிசையா. அளவு வேற வேறயா இருந்தாலும் அடிப்பக்கம் எல்லாம் ஒரே கோட்டுல நிக்கிறதால ஒழுங்காத் தெரியுது. வாடகை வீட்டுக்காரங்களுக்கும் இது சௌகரியம், ஏழு ஆணிக்குப் பதிலா ஒரு சட்டத்துக்கு மட்டும் வீட்டுக்காரர்கிட்ட அனுமதி வாங்கினாப் போதும்.

3. படங்களை முன்னால சாய்ச்சே வச்சிருக்கு. தரையில உக்காந்து டிவி பாக்குற அத்தைக்கு எல்லாரும் நல்லாத் தெரியுறாங்க.

4. மிச்சப் படங்களை ஒரு பழைய துணியில சுத்திப் பரண்ல வச்சாச்சு. ஆடிக்கு ஒண்ணு, நவராத்திரிக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி இறக்கிக்கலாம். கோயில்ல உற்சவருக்கு அலங்காரம் மாறலையா?

5. சமையல்கட்டுச் சுவரும் வெளிச்சுவரும் பழைய படங்களுக்கு ஆகாது. ஒண்ணுல எண்ணெய்ப் புகை, இன்னொண்ணுல ஓதம். நேர் வெயிலும் வேண்டாம், பழைய அச்சு மை வெளுத்துரும்.

6. இதுதான் முக்கியம். எல்லாப் படத்தையும் திருப்பி, பின்னட்டையில பென்சிலால எழுதியாச்சு. யாரு, எங்க, ஏறக்குறைய எப்ப, யார் வாங்கினது. லட்சுமிக்குப் பின்னாடி "அரக்குக் கரை, பெரிய அக்கா முகூர்த்தப் புடவைத் துணுக்கு"ன்னு. குரூப் போட்டோவுக்குப் பின்னாடி 11 கோடு போட்டு, எட்டுல பேர், மூணுல இன்னும் காலி. பேனா வேண்டாம், மை ஊறிப் படத்துல இறங்கிரும். போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கிட்டோம், முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும்.

அந்த குரூப் போட்டோ எங்க இருக்குன்னு கேக்குறீங்களா? சட்டத்துல நடுவுல. வீட்டுக்கு வர்ற வயசானவங்க ஒவ்வொருத்தரையும் அத்தை கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அதுக்கு முன்னாடி நிறுத்துறாங்க. "இவரைத் தெரியுதா பாருங்க, இந்தக் கடுக்கன் போட்டவரை?" பிள்ளையார்பாளையத்துல அந்தக் காலத்துல தறி போட்ட எண்பது வயசுக்காரங்க இன்னும் சில பேர் இருக்காங்க. அவங்க ஒவ்வொருத்தரையா வரவழைக்கிற வேலையை அத்தை எங்கிட்ட குடுத்திருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒருத்தரை ஆட்டோ வச்சுக் கூட்டிட்டு வரணும்.

உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா இந்த வாரம் ஒரு படத்தையாவது இறக்கி, மடியில வச்சு, யாரு யாருன்னு கேட்டு எழுதிடுங்க. பென்சில் சில ரூபாய்தான்.